ஆள் மாறினால் இசை வளருமா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்சார் லக்கி கார்டன் பக்கமுள்ள ஓர் ஒட்டுக்கடையில் நானும் என் பேரனும் பசியாறிக்கொண்டிருந்தோம். எனக்கு ரொட்டி சானாய், அவனுக்குத் தோசை. தோசையை ஒரு கையால் பிய்த்துக்கொண்டே மறு கையிலிருந்த தொலைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். மேல்நாட்டு ராக் இசைக் குழு ஒன்று கோலாலம்பூருக்கு வரப்போகிறதாம். டிக்கெட் விலையைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் நான் வாங்கிய மூன்று மாதச் சம்பளம் அது!

"தாத்தா, இதுல பழைய ஆளு ஒருத்தர்தான் இருக்காரு. மத்தவங்க எல்லாம் பின்னால வந்து சேர்ந்தவங்க. ஆனா பழைய ஆளுங்களைவிட இவங்க நல்லா வாசிக்கிறாங்கன்னு சொல்றாங்க. போகலாமா, வேணாமா?"

கேட்டுவிட்டு அவன் தோசையில் ஆழ்ந்துவிட்டான். எனக்குத்தான் ரொட்டி தொண்டைக்குள் இறங்கவில்லை. அவன் விளையாட்டாகக் கேட்ட கேள்வி எனக்கு விளையாட்டானதல்ல. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் மீது கோபம் வரும் இடமும் ஒன்று உண்டு. கோபப்படுங்கள், தவறில்லை.

* * *

முதலில் கேள்வியைப் பார்ப்போம். ஒரு குழுவின் ஆரம்பகாலக் கலைஞரை மாற்றி, புதியவரைக் கொண்டுவந்தால் குழு உயருமா, தாழுமா?

பீட்டில்ஸ் குழுவைக் கேள்விப்படாதவர் இருக்கமாட்டீர்கள். அந்த நால்வரில் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் ஆதியிலிருந்தே இருந்தவர் அல்லர். அவருக்கு முன்னால் ஏறக்குறைய இரண்டாண்டு காலம் டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட் என்ற இளைஞர். 1962 ஆகஸ்டில், குழு உலகப் புகழ் பெறுவதற்குச் சற்று முன்னால், அவர் நீக்கப்பட்டார். ரிங்கோ வந்தார். அதன்பின் நடந்தது உலகத்துக்கே தெரியும். இதை வைத்துப் பார்த்தால், மாற்றியது சரிதான் என்றே தோன்றும்.

1980ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு பெரிய ராக் குழுக்களுக்கு ஒரே விதமான இடி விழுந்தது. ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரியில் காலமானார். ஆங்கிலேயர்களின் லெட் செப்பிலின் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜான் போனம் செப்டம்பரில் காலமானார்.

ஏசி/டிசி என்ன செய்தது தெரியுமா? பிரையன் ஜான்சன் என்ற புதுப் பாடகரைச் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் 'பேக் இன் பிளாக்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. மறைந்த நண்பருக்குத் துக்கம் காக்கும் விதமாக அட்டை முழுவதும் கறுப்பு. உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளின் வரிசையில் அதற்கு இன்றும் இடம் உண்டு.

லெட் செப்பிலின் நேர்மாறான வழியில் போனது. 'எங்கள் நண்பர் இல்லாமல் எங்களால் தொடர முடியாது' என்ற பொருள்பட டிசம்பரில் ஓர் அறிக்கை விட்டுக் கடையை மூடிவிட்டது. 27 ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பரில் லண்டனில் ஒரே ஓர் இரவு முழுக் கச்சேரிக்காக மீண்டும் கூடினார்கள். அப்போது டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்தவர் யார்? மறைந்தவரின் மகன் ஜேசன் போனம்! நம் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் அப்பா கட்டிய ராஜபார்ட் வேஷத்தை மகன் கட்டுவதில்லையா? அதுபோலத்தான்.

இரண்டில் எது சரி? இரண்டுமே சரி என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஒருவர் சோறு சமைத்துத் துக்கம் ஆற்றுகிறார், இன்னொருவர் அடுப்பை அணைத்துத் துக்கம் ஆற்றுகிறார். இதில் யாரைக் குறை சொல்வது?

* * *

வெளிநாட்டுக் கதை இருக்கட்டும். நம் கதைக்கு வருவோம்.

பினாங்கில் 1960களின் கடைசியில் உருவான 'அலிகேட்ஸ்' குழுவை மறந்திருப்பீர்களா? டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரண்டு தமிழ்ச் சகோதரர்கள். தலையில் பெரிய தேன்கூடு கவிழ்த்தது போன்ற சுருட்டை முடி! 1970களில் ஹாங்காங்கில் சில ஆண்டுகள் இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தார்கள். பிறகு தாயகம் திரும்பி மலாய்ப் பாடல்கள் பாடினார்கள். 1979இல் வந்த 'தெரிமா காசி' இசைத்தட்டிலிருந்து அவர்கள் புகழ் ஏறிக்கொண்டே போனது. மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் கடையிலும் நம்மவர் வரிசை வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒலித்த குரல்கள் அவை. 'செஞும்லா கோலாலம்பூர்' பாட்டை முணுமுணுக்காத பட்டணவாசி அந்தக் காலத்தில் உண்டா?

ஆண்டுகள் ஓடின. ஆரம்பத்தில் மேடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். புதியவர்கள் வந்தார்கள். கிட்டார்காரர் மாறினால் பொதுஜனத்துக்குத் தெரியவா போகிறது? இரண்டு சகோதரர்களின் குரல் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. 2007 ஜூன் 4ஆம் தேதி லோகா புற்றுநோயால் காலமானார். டேவிட் குழுவைக் கலைக்கவில்லை. தொடர்ந்து பாடினார்.

லோகா போன பிறகு அந்தக் குழுவை ஒரு விருந்தில் நேரில் கேட்டேன். வாத்தியங்கள் முன்னைவிடச் சுத்தமாக இருந்தன. ஒலி அமைப்பு பிரமாதம். இளைஞர்கள் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார்கள். ஆனாலும் லோகா பாடி நாம் கேட்ட பாட்டு வந்தபோது, எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓர் அம்மா கண்களை மூடிக்கொண்டார். பாடுகிறவரைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டால், இல்லாதவர் வந்து நிற்பார் அல்லவா? அதற்காகத்தான் மூடினார் என்று நினைக்கிறேன்.

உடன்பிறந்த இரண்டு குரல்கள் இழையும்போது உண்டாகும் ஒலியைக் காசு கொடுத்து அமர்த்த முடியாது. அதே சமயம், தம்பி போய்விட்டார் என்று அண்ணன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பாடுவது அவர் பிழைப்பு. அவருடைய ஆறுதலும் அதுவாகத்தான் இருக்கும்.

தமிழ்த் திரை இசையிலும் இந்த வழக்கு உண்டு. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் 1965இல் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு எம்.எஸ்.விஸ்வநாதன் தனியாக எத்தனை நூறு பாடல்கள் தந்தார்! ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால், "அந்த வயலின் இழைப்பு ராமமூர்த்தி இருந்தபோது வந்ததுதான் ஐயா!" என்று மேசையைத் தட்டும் பெரியவர்களை நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் நான் பார்த்திருக்கிறேன். 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மீண்டும் சேர்ந்தபோது, பாட்டு எப்படி இருக்கும் என்று விசாரித்தவர்களைக் காட்டிலும், "சேர்ந்துட்டாங்களா?" என்று சந்தோஷப்பட்டவர்களே அதிகம். ரசிகர்களுக்கு இசை மட்டும் போதாது, அதை வாசிப்பவர்கள் ஒற்றுமையாக இருக்கவும் வேண்டும்.

* * *

இப்போது என் சொந்தக் கதை. கோபம் வரும் என்று சொன்னேனே, அந்த இடம் இதுதான்.

1974இல் எங்களுக்கென்று ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. மொத்தம் ஏழு பேர். ஆரம்பித்தவர் ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் அண்ணன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வீடு. ஆர்மோனியம் வாசிப்பார். குரல் கரகரப்பாக இருந்தாலும் சுருதி விலகாது. எனக்குக் கிட்டாரில் முதல் மூன்று பிடிகளைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! ஆர்மோனியத்தில் மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்தி, "இந்தச் சத்தம் உன் பெட்டியில எங்கே இருக்கு, தேடு தம்பி" என்பார். தேடித் தேடியே கற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு புதன்கிழமை இரவும் அவர் வீட்டு முன்கூடத்தில் ஒத்திகை. அண்ணி வரக்காப்பி போட்டுத் தருவார். கல்யாணம், தோட்டத்துத் திருவிழா, தீபாவளிக் கலைவிழா என்று கிள்ளான் வரைக்கும், சிறம்பான் வரைக்கும் லோரியில் ஏறிப் போவோம். எந்த நிகழ்ச்சியானாலும் அண்ணன் அமைத்த ஒரு சிறிய முன்னிசையோடுதான் ஆரம்பிப்போம். அரை நிமிடம்கூட இருக்காது. அதைக் கேட்டவுடன், "இந்தக் குழு வந்திருக்கு" என்று பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

1981இல் ஒரு புதிய எம்ப்ளிபயரும் இரண்டு ஒலிபெருக்கிகளும் வாங்கினோம். கைக்காசுக்கு வழியில்லை. தவணைமுறைதான். நிலையான அரசாங்கச் சம்பளம் என்பதால் அண்ணன் பெயரில் எடுத்தோம். மாதம் 45 வெள்ளி, 24 மாதம். நிகழ்ச்சிகளில் வரும் பணத்திலிருந்து மாதா மாதம் அவர் கையில் 45 வெள்ளி கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. குழுவின் பொருளாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான்!

1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தது. மேடைப் பாடகன் ஒருவனின் கதை. 'இளைய நிலா' பாட்டைக் கேட்டு நாங்கள் பைத்தியம் பிடித்தது போல் ஆனோம். போகிற இடமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். இளையராஜாவின் பாட்டுகளில் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் பின்னணி வாத்தியங்களும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும். அதன் நடுவே ஆர்மோனியத்தை வைத்தால், பட்டுச் சேலையில் சாக்குத் துணி ஒட்டுப்போட்டது மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அண்ணனால் அந்தப் புதுப் பாணிக்கு வர முடியவில்லை. அவரும் முயன்றார். முடியவில்லை.

கிள்ளானில் ஒரு பையன் இருந்தான். வயது பத்தொன்பது. எலக்ட்ரிக் ஆர்கன் வாசித்தால் ஏழு பேர் வாசிப்பது போல் இருக்கும். அவனைச் சேர்க்கலாம் என்று ஆறு பேரும் பேசி முடிவெடுத்தோம். ஆர்கன் வந்தால் ஆர்மோனியம் எதற்கு?

அண்ணனிடம் யார் சொல்வது?

யாரும் சொல்லவில்லை, வாசகர்களே. அதுதான் நாங்கள் செய்தது. தீபாவளிக்கு முன், அக்டோபர் கடைசியில், ஒத்திகையைப் புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினோம். இடத்தையும் பங்சாரில் ஒரு கடையின் பின்னறைக்கு மாற்றினோம். அண்ணனுக்கு மட்டும் தகவல் சொல்லவில்லை. முதல் புதன்கிழமை அண்ணி ஏழு பேருக்கும் வரக்காப்பி போட்டு வைத்திருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை இரவு, 'இளைய நிலா' முதன்முறையாக எங்களுக்கு முழுசாக வந்தது. அடடா! என்ன சந்தோஷம்! சந்தோஷத்தில் ஒரு சிகரெட் பற்ற வைக்கலாம் என்று வெளியே வந்தேன். சைக்கிள் ஒன்று சடக்கு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. முதுகைப் பார்த்தேன். அண்ணன். பாட்டு முடியும் வரை வாசலில் நின்று கேட்டிருக்கிறார்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அந்த மாதம் 45 வெள்ளியைக் கொடுக்கப் போக வேண்டும். போனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே. நான்காவது மாதம் ஆர்கனுக்கு நிற்கும் கால் ஒன்று தேவைப்பட்டது. டின்னில் இருந்த பணத்தை எடுத்து வாங்கினோம். அதற்குப் பிறகு யாரும் தவணையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மற்ற ஐந்து பேர் நிஜமாகவே மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. மீதி இருந்த 11 தவணைகளை அண்ணன் தம் சம்பளத்திலிருந்து கட்டினார். கேட்கவில்லை. எங்கள் ஒலிபெருக்கியை எடுத்துப்போக யாரும் வரவில்லை என்பதிலிருந்தே அவர் கட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஒலிபெருக்கியில்தான் நாங்கள் புகழ் பெற்றோம். கூட்டம் கூடியது. நிகழ்ச்சிக் கட்டணம் இரட்டிப்பானது.

ஆளை மாற்றினால் குழு வளருமா என்றா கேட்கிறீர்கள்? வளர்ந்தது! கண்கூடாக வளர்ந்தது.

* * *

1991இல் ஒரு மாலை. என் வீட்டு வாசலில் அண்ணன். அண்ணியும் கூட வந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை. மூத்த மகளுக்குக் கல்யாணமாம்.

"உங்க குழுதான் வாசிக்கணும்னு பொண்ணு ஆசைப்படுறா, தம்பி. இப்ப உங்க ரேட்டு எவ்வளவு?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் போன பிறகு என் மனைவி பத்திரிகையைச் சாமி படத்தின் கீழ் வைத்துவிட்டு வந்தாள். பிஸ்கட் டின் விவரம் தெரிந்த ஒரே ஜீவன் அவள்தான்.

"என்னங்க, கல்யாணத்துக்கு வாசிக்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல அந்தக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. இல்லேன்னா அந்த வீட்டுச் சோத்துல நான் கை வைக்க மாட்டேன்."

மறுநாளே போனேன். 500 வெள்ளியை ஒரு உறையில் போட்டு நீட்டினேன். பேச வாய் வரவில்லை. "பழைய கணக்கு, அண்ணே" என்றேன். அவர் உறையைப் பிரித்து எண்ணினார். மனத்துக்குள் கணக்குப் போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து வெள்ளியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"பதினொரு தவணை. நானூத்தித் தொண்ணூத்தஞ்சுதான், தம்பி."

அவ்வளவு துல்லியமாக ஒன்பது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தவர், ஒரு நாளும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கிள்ளான் பையன் இன்னும் இருக்கானா? நல்லா வாசிக்கிறானா?"

"நல்லா வாசிக்கிறான், அண்ணே."

"அப்ப சரி."

கல்யாணத்தன்று காசு வாங்காமல் வாசித்தோம். ஆரம்பிக்கும் முன், "அண்ணே, முதல் பாட்டுக்கு நீங்க உட்காரணும்" என்று ஆர்மோனியத்தைக் காட்டினேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். "இன்னிக்கு நான் பொண்ணோட அப்பா. நீங்க வாசிங்க, நான் கேக்குறேன்."

ஆரம்பித்தோம். கிள்ளான் பையனின் விரல்கள் வழக்கம்போல அந்த அரை நிமிட முன்னிசையில் இறங்கின. அண்ணன் அமைத்த அதே முன்னிசை! அது யார் அமைத்தது என்று அவனுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லிக் கொடுத்தோம், அவன் கற்றுக்கொண்டான். ஒன்பது ஆண்டுகளாக, அவரை நீக்கிவிட்ட மேடையில், அவருடைய இசையோடுதான் நாங்கள் ஒவ்வொரு இரவும் ஆரம்பித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது அந்த நிமிடம்தான் உறைத்தது. அண்ணன் தாம்பூலத் தட்டைக் கையில் ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டார். முடிந்ததும் என் பக்கம் வந்து, "டிரம்ஸ் கொஞ்சம் முந்துது, பிடிச்சு வை" என்று சொல்லிவிட்டு விருந்தினரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. டிரம்ஸ் முந்திக்கொண்டுதான் இருந்தது. அதுவரை எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

* * *

பீட் பெஸ்ட் கதையைப் பாதியில் விட்டேன் அல்லவா? அவரை நீக்கும் செய்தியைக் கூட வாசித்த நண்பர்கள் மூவரும் அவரிடம் சொல்லவில்லை. நிர்வாகி பிரையன் எப்ஸ்டீனை விட்டுச் சொல்ல வைத்தார்கள். உலகமே கொண்டாடிய அந்தப் பையன்களுக்கும், பங்சார் கடையின் பின்னறையில் இருந்த எங்களுக்கும் அந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை! 1995இல் பீட்டில்ஸின் பழைய ஒலிப்பதிவுகளைத் தொகுத்து 'அந்தாலஜி' முதல் தொகுதியை வெளியிட்டபோது, பீட் பெஸ்ட் வாசித்த பதிவுகளும் அதில் இருந்தன. 33 ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குரிய பங்குத் தொகை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை ஆரம்பித்து, அதற்குப் பெயரும் வைத்தவர் பிரையன் ஜோன்ஸ். 1969 ஜூனில் அவரை விலக்கினார்கள். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த மிக் டெய்லரின் கிட்டார் வாசிப்பை இன்றும் ரசிகர்கள் மெச்சுகிறார்கள். இசை உயர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பிரையன் ஜோன்ஸிடம் ஏதாவது சொல்ல நினைத்தவர்களுக்கு அதற்கு நாள் கிடைக்கவில்லையே! எனக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்தாவது கிடைத்தது. நான் கொடுத்துவைத்தவன்.

நம் பங்சாரையே பாருங்களேன். இது ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர்களை ஒட்டவைத்துத்தான் பங்சார் என்ற பெயர் வந்தது என்பார்கள். மரம் சீவியவர்கள் போனார்கள். வீடமைப்பு வந்தது. 1998இல் எல்ஆர்டி வந்தது. தெலாவி சடக்கில் இரவு முழுதும் விளக்கு எரியும் கடைகள் வந்தன. பக்கத்தில் கம்போங் ஹாஜி அப்துல்லா ஹுக்கும் இருந்த இடத்தில் இப்போது வானளாவும் கட்டடங்கள். ஏறக்குறைய எல்லா ஆட்களும் மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் அதே பெயர். ஊர் வளர்ந்ததா என்றால் வளர்ந்தது. அந்தத் தோட்டத்து ஜனங்களிடம் யாராவது ஒழுங்காக விடை சொல்லி அனுப்பினார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ஆளை மாற்றுவதால் இசை வளரலாம், வளராமலும் போகலாம். வருகிறவன் போனவனைப் போல நடிக்காமல் தன் குரலில் பாடினால் பெரும்பாலும் வளரும். பிரையன் ஜான்சன் ஜெயித்தது அப்படித்தான். கிள்ளான் பையன் ஜெயித்ததும் அப்படித்தான். உடன்பிறந்தார் குரல் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. இருக்கிறவர்கள் அந்தக் காலி இடத்தை மறைக்காமல், அதோடு சேர்த்தே பாட வேண்டியதுதான்.

மாற்றுவது பாவமல்ல. சொல்லாமல் மாற்றுவதுதான் பாவம். கணக்கு முடிக்காமல் மாற்றுவது அதைவிடப் பெரிய பாவம். இது இசைக் குழுவுக்கு மட்டுமா? கோயில் கமிட்டிக்கும் பஜனைக் குழுவுக்கும் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கும் இதே நியாயம்தான். வயதானவரிடம் பொறுப்பை வாங்கி இளையவரிடம் கொடுக்க வேண்டிய நாள் வரத்தான் செய்யும். அன்றைக்கு அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். உட்கார்ந்து சொல்லுங்கள். அந்த வீட்டில் ஏழு பேருக்கு வரக்காப்பி போட்டு வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கக் கூடாது.

அண்ணன் இப்போது இல்லை. எங்கள் குழுவும் கரோக்கே வந்த காலத்தில் கலைந்துவிட்டது. அந்த ஐந்து வெள்ளி நோட்டை மட்டும் நான் செலவழிக்கவில்லை. தாள் மாறி, நோட்டின் உருவமும் மாறிவிட்டது. கடையில் கொடுத்தால் இப்போது வாங்கமாட்டார்கள்.

பேரனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா?

"வாங்குடா, ரெண்டு டிக்கெட்டா வாங்கு" என்றேன். "அந்தப் பழைய மனுஷனை நீ பாரு. நான் அவருக்குப் பின்னால நிக்கிற புதுப் பையனைப் பார்க்கப் போறேன். அவன் வாசிக்கிறதுல, போனவங்க வாசிச்சது எங்கேயாவது கேக்குதான்னு பார்க்கணும்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க எழுந்து போனான்.